வலெற்றாவில் ஒரு பகலும் கடலில் ஓர் இரவும்

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பற் பயணம் போய்வந்த கதையை இப்பக்கத்தில் எழுத நேரும் என நாம் எண்ணியதே இல்லை. ரொறன்ரோவில் வாழும் எமது மைத்துனர் தமது திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவதற்காக, மூன்று நாடுகளிற் சிதறிக் கிடக்கும் குடும்பத்தவர் பதினேழு பேரை ஒரே கப்பலில் ஏற்றிவிட்டார். முதியோருக்கு மூட்டுவலி, பிள்ளைகளுக்கு நீச்சல் தடாகம் வேண்டும், எல்லோருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். கப்பலைவிடத் தோதான இடம் வேறில்லை என்பது அவருடைய வாதம். ரோம் நகருக்குரிய துறைமுகமான சிவிற்றாவெக்கியாவில் ஏறி, ஏழு இரவுகள் கழித்து அங்கேயே இறங்குவதாக ஏற்பாடு. நான்காம் நாள் மால்ற்றாத் தீவின் தலைநகரான வலெற்றா. மறுநாட் காலை சிசிலியின் மெசினா.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னர், ஈஸ்ற்ஹாமில் எமது வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் ஓர் அக்கா வந்தார். ஊரிலும் அயலவர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் அக்கா என்றே இங்கு குறிப்பிடுகிறோம். வைத்த தேநீரைத் தொடாமலே பயண அட்டவணையை வாங்கி, ஒவ்வொரு நாளாக விரல் வைத்துப் படித்தார்.

"மால்ற்றாவிலையிருந்து மெசினாவுக்கு இரவிலையோ தம்பி போறியள்?"

ஆம் என்றோம். கைப்பைக்குள்ளிருந்து ஒரு சிறு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே எள்ளு.

"அந்த இடம் வரேக்கை இதைக் கடலிலை விட்டுவிடுங்கோ."

அந்த இடம் எதுவென்று அவர் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

இளைய வாசகர்களுக்காகச் சற்று விரித்துரைக்க வேண்டும். 1996ஆம் ஆண்டு நத்தார் இரவு, மால்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடைப்பட்ட கடலில் நிகழ்ந்தது அது. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளைச் சேர்ந்த பல நூறு பேரைச் சுமந்துகொண்டு 'யியோஹான்' என்னும் சரக்குக் கப்பல் அங்கு நின்றது. அவர்களுட் கணிசமானோர் எம்மவர். இத்தாலியக் கரையில் இறக்குவதற்கென அவர்களில் முந்நூறு பேரளவில் ஒரு மரப் படகுக்கு மாற்றப்பட்டனர். மால்ற்றாவிலிருந்து வந்த அப்படகின் அடையாளம் எஃப் 174. நீளம் பதினெட்டு மீற்றர். அந்தத் தொகைக்கு அது ஒருபோதும் போதாது. கடல் கொந்தளிப்பாக இருந்தது. படகினுள் நீர் புகத் தொடங்கவே அது கப்பலை நோக்கித் திரும்பியது. இரண்டும் மோதிக்கொண்டன. படகு மூழ்கியது. இறந்தோர் குறைந்தது 283 பேர் என்பது பின்னர் பதிவான கணக்கு. கயிற்றைப் பற்றிக் கப்பலில் ஏறிக்கொண்டவர்கள் ஒரு சிலரே.

கப்பல் கிறீசுக்கு விரைந்தது. எஞ்சியோரை இரவோடிரவாகக் கரையில் இறக்கி, ஒதுக்குப்புறத்தில் அடைத்து வைத்தனர். அங்கிருந்து தப்பியவர்கள் காவல்துறையிடம் நடந்ததைக் கூறினர். 1997 சனவரி முதல் வாரத்தில் செய்தி நிறுவனங்கள் அதை உலகுக்கு அறிவித்தன. இத்தாலிய அதிகாரிகள் தேடிப் பார்த்தனர். உடலும் இல்லை, படகின் பலகையும் இல்லை. நாடுகடத்தப்படாமல் இருப்பதற்காக அகதிகள் புனைந்த கதை என்ற ஐயம் நிலைபெற்றது. 'இல் மனிஃபெஸ்ற்றோ' போன்ற ஒன்றிரண்டு ஏடுகளும் சில மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் விடாது எழுதினர். மற்றவர்களுக்கு அது பேய்க் கப்பலின் கதையாயிற்று.

அக்காவின் தம்பி எம்மைவிட இரண்டு வயது மூத்தவன். எமக்குத் துவிச்சக்கர வண்டி ஓட்டப் பழக்கியவன் அவனே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, தாயாரை வண்டியின் பின்னால் இருத்தித் தென்மராட்சி வரை தள்ளிச் சென்றான். அடுத்த ஆண்டு நடுப்பகுதியிற் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து எகிப்துக்குப் போனான். ஏஜென்சிக்குப் பணம் கட்டியவர் அப்போது இலண்டனில் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்த அக்கா. "காசு கட்டினது நான்தான் தம்பி" என்ற வசனத்தை இத்தனை ஆண்டுகளில் எத்தனை தடவை அவர் வாயாற் கேட்டிருப்போம் என்று சொல்ல முடியாது. எகிப்திலிருந்து 1996 நவம்பரில் வந்த தொலைபேசி அழைப்பே கடைசி. கப்பல் பெரிய கப்பல், பயமில்லை என்றானாம்.

ஊரில் இருந்த தாயாருக்கு, மகன் இத்தாலியச் சிறையில் இருப்பதாகச் சொன்னார்கள். சிறைக்காலம் மிக நீண்டுபோனதும், பத்திரம் இல்லாமல் வேலை செய்வதால் கடிதம் எழுத முடியாமல் இருக்கிறான் என்று மாற்றினார்கள். தாயார் நம்பினாரோ இல்லையோ, திவசம் செய்ய விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவரும் காலமானார். அதன்பின் இரண்டு சிக்கல்கள் எழுந்தன. ஒன்று காணி. வீட்டுவளவை உறுதி எழுதப் போனபோது, எல்லாப் பிள்ளைகளும் கையொப்பம் இட வேண்டும் என்றார் நொத்தாரிசு. இறந்த பிள்ளைக்கு மரணச் சான்றிதழ் வேண்டும். உடல் இல்லாதவனுக்கு அதை யார் கொடுப்பது? மற்றையது திதி. கோயிற் குருக்களிடம் அக்கா போய்க் கேட்டிருக்கிறார். 1996 டிசெம்பர் 24 பூரணை. நத்தார் நாள் பிரதமை. ஆனால் நாட்காட்டித் திகதியைப் போலத் திதி நள்ளிரவில் மாறுவதில்லையே. சந்திரனின் ஓட்டத்தைப் பொறுத்து எந்த மணியிலும் மாறும். அன்றிரவு எத்தனை மணிக்கு என்று தெரிந்தால் பிரதமையா துவிதியையா என்று பார்த்துச் சொல்லலாம், தெரியாவிட்டால் அமாவாசையிற் செய்வது வழக்கம் என்றாராம் குருக்கள்.

"அமாவாசை எல்லாருக்கும் பொதுதானே தம்பி. அவனுக்கெண்டு ஒண்டு வேணும்."

இவ்வாறாக, நீச்சல் உடைகளுக்கும் மாத்திரை டப்பாக்களுக்கும் நடுவே அந்தப் பொட்டலமும் எமது பெட்டியில் ஏறிற்று.

வலெற்றாவுக்குள் கப்பல் நுழைந்தபோது காலை ஏழு மணி இருக்கும். மேல்தளத்தில் நின்று பார்க்க வேண்டிய காட்சி என்று எல்லா வழிகாட்டி நூல்களும் கூறுகின்றன, அதிற் பிழையில்லை. வலப்புறம் சென் எல்மோ கோட்டை. இடப்புறம் றிக்காசோலிக் கோட்டை, சற்று உள்ளே சென் ஆஞ்சலோ. நடுவே ஆழமான நீலக் குடா. கோட்டை, வீடு, தேவாலயம், படிக்கட்டு அனைத்தும் ஒரே கல்லால் ஆனவை. தேன் நிறச் சுண்ணாம்புக்கல். காலை வெயில் பட்டதும் நகரம் முழுவதும் அடுப்பில் இருந்து இறக்கிய பாண் போலத் தோன்றியது.

முன்னொரு காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்பித்தவர் நாம். பழக்கம் விடவில்லை. அந்தக் கல்லைத் தடவியபோது உள்ளங்கை ஊருக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புப் பாறையும் மால்ற்றாவின் கட்டடக் கல்லும் மயோசீன் என்னும் ஒரே புவிச்சரிதக் காலத்தவை. இரண்டு நிலங்களிலும் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் கல்லுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும். நாம் துலாவும் பட்டையும் கொண்டு இறைத்தோம். பிறகு நீரிறைக்கும் இயந்திரம் வந்து கெடுத்தது. மால்ற்றா இப்போது தனது குழாய்நீரிற் பாதிக்கு மேற்பட்டதைக் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கிப் பெறுகிறது. வயல்களுக்கு நடுவே சாந்து பூசாமல் அடுக்கிய கல்மதில்கள், மதிலோரம் சப்பாத்திக்கள்ளி. எமது மாமியார் பேருந்துக் கண்ணாடியூடாகப் பார்த்துவிட்டு, "தீவுப்பகுதி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். 316 சதுர கிலோமீற்றர்ப் பரப்பு, ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் மக்கள். அவர்கள் தனிநாடு, 1964இல் பிரித்தானியாவிடமிருந்து சுதந்திரம் பெற்று, 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் சேர்ந்தவர்கள். அரபு வழிவந்த அவர்களது மொழி, உரோம எழுத்தில் எழுதப்படுகிறது. ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் அதுவும் ஒன்று. கத்தோலிக்க மதத்தவர் ஆயினும் கடவுளை 'அல்லா' என்றே அழைத்து வணங்குகிறார்கள். சிறிய மொழி ஒன்றுக்கு ஆசனம் கிடைத்தால் எவ்வளவு நிமிர்ந்து இருக்கும் என்பதை அத்தெருப்பலகைகளிற் கண்டோம்.

துறைமுகத்திலிருந்து நகருக்கு ஏறுவதற்கு 58 மீற்றர் உயர மின்தூக்கி இருக்கிறது. ஏறியதும் மேல் பரக்கா பூங்கா. அங்கு நண்பகலில் பீரங்கி வெடிக்கிறது. சுற்றுலாப் பயணிகள் கைதட்டுகிறார்கள். வெடியோசை கேட்டதும் எமது மனைவியின் கை தன்னையறியாமற் பிள்ளையின் தோளைப் பற்றியது. இதை எழுத வேண்டியதில்லை; இருப்பினும் எழுதிவிட்டோம்.

நகரின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். 1565இல் ஒஸ்மானியப் பேரரசின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித அருளப்பர் சபைத் துறவி வீரர்கள், மறு ஆண்டு மார்ச்சில் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினர். சபைத் தலைவர் லா வலெற் என்பவரின் பெயரே நகரின் பெயர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிய, ஜேர்மன் வானூர்திகள் இடைவிடாது குண்டு பொழிந்தன. 1942 ஏப்ரலில் இங்கிருந்த அரச இசைநாடக அரங்கு தகர்ந்தது. எஞ்சிய தூண்களை இடித்துத் தள்ளாமலும் பழையபடி கட்டாமலும் அப்படியே விட்டு, நடுவே திறந்தவெளி அரங்கொன்றை 2013இல் அமைத்திருக்கிறார்கள். அருகிலேயே தேசிய நூலகம். 1113ஆம் ஆண்டில் பாப்பரசர் அச்சபைக்கு வழங்கிய சாசனம் இன்னமும் அங்கே பத்திரமாக இருக்கிறது. 1981இல் ஒரே இரவில் 97,000 நூல்களையும் ஏடுகளையும் எரியக் கொடுத்த ஊரிலிருந்து வந்தவருக்கு அந்த வாசலில் நெடுநேரம் நிற்க முடியவில்லை. பேராலயத்தில் 1608இல் கரவாஜியோ வரைந்த ஓவியத்தைப் பார்க்க நீண்ட வரிசை. ஸ்நாபக அருளப்பரின் தலை கொய்யப்படும் காட்சி. கொலைக் குற்றத்துக்காக ரோமிலிருந்து ஓடிவந்த ஓவியர் அவர். இங்கு சிறையிடப்பட்டு, இங்கிருந்தும் தப்பிச் சிசிலிக்குப் படகேறினார். அவரிடமும் பத்திரம் இருந்திராது.

எமது மகளுக்குப் பதினாறு வயது. இலண்டனிற் பிறந்தவள். கூட்டத்திலிருந்து விலகி எங்களோடு வந்தவள் அவள் மட்டுமே. புனித பவுல் வீதியில், பவுலின் கப்பற்சேதத்துக்கென ஒரு தேவாலயம் இருக்கிறது. உள்ளே பவுலின் மணிக்கட்டு எலும்பு என்று ஒரு திருப்பண்டத்தைக் காட்டுகிறார்கள். கி.பி. 60 அளவில் அவரைக் கைதியாக ரோமுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் புயலில் அகப்பட்டு இத்தீவின் கரையில் உடைந்தது. கப்பலில் இருந்தோர் 276 பேர் என்று விவிலியம் கணக்கே தருகிறது. நீந்தத் தெரிந்தவர் நீந்தியும் தெரியாதவர் பலகைகளைப் பற்றியும் அனைவரும் கரை சேர்ந்தனர். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவு மக்கள் தீ மூட்டிக் கொடுத்தனர். இந்த விருந்தோம்பல் மால்ற்றா மக்களின் பெருமை. பெப்ரவரி 10ஆம் திகதி அதற்கென்றே பெருவிழா எடுக்கிறார்கள்.

"இருநூற்று எழுபத்தாறு" என்று மகள் வாய்விட்டுச் சொன்னாள். எள்ளுப் பொட்டலத்தின் கதையை முதல்நாள் இரவுதான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். வேறொன்றும் பேசவில்லை.

வெளியே வந்து கடற்சுவரில் அமர்ந்தோம். கீழே நிறம் பூசிய மீன்பிடிப் படகொன்று கட்டப்பட்டிருந்தது. மால்ற்றாப் படகுகளின் அணியத்தில் இரு கண்கள் தீட்டப்பட்டிருக்கும். தீங்கு வராமற் காப்பதற்கென்பர். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு மகளுக்கு எஞ்சிய பாதியைக் கூறினோம்.

சிசிலியின் தென்கிழக்கு முனையில் போர்த்தோபாலோ என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. 1997இன் தொடக்க மாதங்களில் அவ்வூர் மீனவர்களின் வலைகளில் மீனோடு மனித உடல்களும் வந்தன. அவற்றை அவர்கள் மீண்டும் கடலிலேயே போட்டார்கள். கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை, விசாரணை முடியும்வரை படகு கட்டிக் கிடக்கும், உழைப்புப் போய்விடும். ஊர் முழுவதும் அறிந்த இரகசியம் நான்காண்டுகளுக்கு ஊரைத் தாண்டவில்லை. அவர்களைக் கொடியவர்கள் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பாஸ் இல்லாமற் கடலில் இறங்க முடியாத, பிடித்த மீனைக் கரைசேர்ப்பதற்குள் பத்து விசாரணைகளைத் தாண்ட வேண்டிய கரைகளில் வளர்ந்த எமக்கு, தொழில் பறிபோகும் பயம் புரியாததன்று. எனினும் அத்தனை படகுகளில், அத்தனை வீடுகளில், பெயர் சொல்லாமல் ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்க ஒருவராவது இருந்திருக்கலாம். அதை நாம் மன்னிக்கத் தயாராக இல்லை.

கடைசியில் ஒருவர் வந்தார். 2001இல் அவ்வூர் மீனவர் ஒருவரின் வலையில் ஓர் உடை சிக்கியது. அதனுள் ஓர் அடையாள அட்டை. இலங்கைத் தேசிய அடையாள அட்டை. பதினேழு வயதுத் தமிழ் இளைஞனுடையது. பிளாஸ்ரிக் உறை இட்டிருந்தமையால் நான்கு ஆண்டுகள் கடலுக்கடியிற் கிடந்தும் முகம் அழியவில்லை. அம்மீனவர் மறைக்கவில்லை. வலை அடிக்கடி மாட்டிக் கிழியும் இடத்தையும் குறித்துவைத்திருந்தார். 'லா ரிபப்ளிக்கா' நாளிதழின் ஜொவான்னி மரியா பெல்லு என்னும் செய்தியாளர் அவரைத் தேடிச் சென்றார். 2001 யூனில், கமெரா பொருத்திய ஆளில்லாக் கருவியொன்றைக் கடலுக்குள் இறக்கினர். போர்த்தோபாலோவிலிருந்து 19 மைல் தொலைவில், 108 மீற்றர் ஆழத்தில், எஃப் 174 கிடந்தது. உள்ளே எலும்புகளும் உடைகளும் காலணிகளும் படத்திற் பதிவாயின. அகதிகள் சொன்னது பொய்யன்று என்று ஐரோப்பா ஏற்றுக்கொள்ள நான்கரை ஆண்டு சென்றது. பெல்லு அதை 2004இல் நூலாக எழுதினார். உண்மையைச் சொன்ன மீனவரை அவருடைய ஊரார் ஒதுக்கிவைத்தனர். கப்பலின் தலைவனுக்கும் ஏற்பாட்டாளர் ஒருவருக்கும் இத்தாலிய நீதிமன்றம் நீண்ட சிறைத்தண்டனை விதித்தது. அதற்கும் பல ஆண்டுகள் பிடித்தன.

மகள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அந்த அட்டையில என்ன மொழி அப்பா?"

சிங்களமும் தமிழும் என்றோம். எமது பழைய அட்டை பெட்டிக்குள் எங்கோ கிடக்கிறது. அதன் முதல் இரு இலக்கங்கள் 79, பிறந்த ஆண்டு. 1996இல் எமக்கும் வயது பதினேழு. வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை: உயிரைவிட அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தோம். காவலரண் ஒவ்வொன்றிலும் நீட்டினோம். அது இல்லாமல் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் கடவுச்சீட்டைப் பறித்துக்கொள்ளும் ஏஜென்சி, ஊர் அட்டையை வீசிவிடச் சொல்வதும் உண்டு. அவன் வீசவில்லை. இருநூற்றுக்கு மேற்பட்ட மரணங்களுக்கு அந்த ஒற்றை அட்டையே சாட்சியாயிற்று.

பிற்பகலில் வலெற்றாவுக்குத் தெற்கே பாவோலா என்னும் ஊருக்குச் சென்றோம். பேருந்திற் சிறிது நேரமே. அங்குள்ள அடொலொறாற்றா மயானம் 1869இலிருந்து உள்ளது. குன்றின்மேற் கூரிய கோபுரச் சிற்றாலயம், சுற்றிவரச் சைப்பிரஸ் மரங்கள். 2015 ஏப்ரல் 18ஆம் திகதி இரவு, லிபியாவிலிருந்து வந்த படகொன்று பல நூறு பேரோடு மூழ்கியது. மீட்கப்பட்டு வலெற்றாத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்ட 24 உடல்களுக்கு இந்நாட்டு அரசு சர்வமத இறுதிச்சடங்கு நடத்தி, இங்கேதான் அடக்கம் செய்தது. பெயர் தெரியாதவர்கள். காவலாளி வழிகாட்டினார். நாம் எந்த நாட்டவர் என்று கேட்டார். இலங்கை என்றதும் சற்றுக் குழம்பினார். இவர்கள் ஆபிரிக்கர்கள் என்று நினைவூட்டினார். தெரியும் என்றோம். எமக்குரிய இடம் இத்தீவில் எங்கும் இல்லாமையால் இங்கு வந்தோம் என்று விளக்கவில்லை. வாசலில் வாங்கிய வெள்ளைப் பூக்களை வைத்துவிட்டுத் திரும்பினோம்.

அந்தப் படகை இத்தாலி 2016இல் 370 மீற்றர் ஆழத்திலிருந்து தூக்கி எடுத்தது. உள்ளே இருந்த உடல்களை மருத்துவர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். எஃப் 174 கிடப்பது 108 மீற்றரில். அதை மீட்குமாறு 2001இலேயே இத்தாலியின் நோபல் பரிசாளர்கள் சிலர் கோரினர். இன்னும் கடலுக்கடியிலேதான் இருக்கிறது. முடியாத வேலை என்ற சாட்டு 2016உடன் காலாவதியாகிவிட்டது. கேட்பதற்கு ஆளில்லை என்பதே மிச்சம். நாமும் கேட்கவில்லை. இலண்டனில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் ஒன்றுகூடல், இரவு விருந்து, மலர் வெளியீடு. அந்த மலர்களுக்கு நாமும் கட்டுரை எழுதியிருக்கிறோம். எந்த ஊரிலிருந்து எவர் அப்படகில் ஏறினார் என்று ஒரு மலரிலாவது ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தால், அக்காவின் நொத்தாரிசு கேட்கும் தாளுக்கு ஒரு தொடக்கமாவது கிடைத்திருக்கும்.

கப்பலுக்குத் திரும்பும் வழியில், துறைமுக முன்றலில் ஒரு நினைவுச்சின்னத்தைக் கண்டோம். 1950இலிருந்து 1965 வரை இத்தீவிலிருந்து ஒஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட 310 சிறுவர்களுக்கானது. வறுமையாலும் ஆதரவின்மையாலும் கப்பலேற்றப்பட்ட பிள்ளைகள். இலட்சத்துக்கு மேற்பட்ட மால்ற்றா மக்கள் போருக்குப் பின்னர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். இந்நாட்டின் இன்றைய அரசியல்வாதிகள் படகுகளைப் பற்றிப் பேசும்போது இச்சின்னத்தைக் கடந்துதான் போகிறார்கள் போலும்.

மாலை ஆறு மணிக்குக் கப்பல் புறப்பட்டது. ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. கப்பலிலிருந்து கடலில் எதையும் எறியக்கூடாது என்பது கண்டிப்பான விதி. ஒவ்வொரு தளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். உணவுச்சாலையில் எமது மேசையைக் கவனித்தவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளை. முதல்நாளே தமிழ் கேட்டு முகம் மலர்ந்தவர். அவருடைய பெரியப்பா முன்னாளிற் கொழும்புக்குத் தோணி ஓட்டியவராம். அவரிடம் மெதுவாக விசாரித்தோம். எதற்கு என்று கேட்டார். கூறினோம். கையிலிருந்த தட்டுகளை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பூ, மாலை, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம் சார். எள்ளுதானே? ஒரு கைப்பிடிதானே? கீழ்த்தளத்துல பின்பக்கமாப் போங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மட்டும் பாத்துக்குங்க."

அறையிலிருந்த தொலைக்காட்சியில் கப்பல் போகும் வழியைக் காட்டும் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. நீலத் திரையில் ஒரு சிறு அம்பு. மால்ற்றாவிலிருந்து அது வடகிழக்காக நகர்ந்தது. போர்த்தோபாலோ முனை படத்தில் ஒரு மூக்குப்போலத் தெரிந்தது. புவியியல் படித்தது அன்றைக்கு உதவிற்று. அளவுகோலைத் திரையிலே விரலாற் பிடித்து, முனையிலிருந்து 19 மைலைக் குறித்துக்கொண்டோம். ஒன்பதரை தாண்டியதும் நானும் மகளும் என்று எழுத வருகிறது. இப்பக்கத்தின் வழக்கப்படி நாம் இருவரும் என்று திருத்துகிறோம். கீழே இறங்கினோம்.

மேல்தளத்தில் எழுபதுகளின் ஆட்டப் பாடல்கள் முழங்கின. மைத்துனர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே இயந்திரத்தின் அதிர்வும் நீரைக் கிழிக்கும் ஓசையும் மாத்திரம். கடல் அமைதியாக இருந்தது. கப்பலின் விளக்கு விழுந்த இடம்வரை நுரை. அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. 1996இன் அந்த இரவில் பூரணை கழிந்து ஒரு நாள்தான். முகில் இல்லாதிருந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.

மகள் பொட்டலத்தைப் பிரித்துத் தந்தாள். அவன் பெயரைச் சொன்னோம். மந்திரம் தெரியாது. எள்ளை விட்டபோது காற்று திரும்பி வீசி, பாதி எமது சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது. அதையும் தட்டிக் கடலில் விட்டோம். கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டோம்.

இலண்டன் திரும்பிய மறுநாள் அக்காவிடம் போனோம். படங்களைக் காட்டினோம், பார்க்கவில்லை. கடல் எப்படி இருந்தது என்று கேட்டார். அமைதியாக இருந்தது என்றோம். எத்தனை மணிக்கு விட்டீர்கள் என்று கேட்டார். ஒன்பது நாற்பது என்றோம்.

"அந்த நாட்டு நேரமோ, எங்கடை நேரமோ?"

அந்த நாட்டு நேரம் என்றோம். சமையலறைச் சுவரிலே தொங்கிய நாட்காட்டியைக் கழற்றி, ஒரு மணித்தியாலத்தைக் குறைத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிவைத்தார்.